வாய்விட்டுச் சொல்கிறவள்

நாகஜோதி தன் மகளைத்தான் பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். ஐந்தாவது படிக்கும் தேஜஸ்ரீ ஒரு கணக்கை ஆரம்பித்தால் முடிக்க மாட்டாள். பையோடு பள்ளிக்குப் போய்ப் பையில்லாமல் திரும்புவாள். வகுப்பாசிரியை சொன்னதால் அருள்புரத்திலிருக்கும் நிர்மலாவிடம் போனார்கள். நிர்மலா பாடம் எதுவும் நடத்துவதில்லை. எடுத்த வேலையைத் தொடங்கவும், நடுவில் சிதறாமல் இருக்கவும், நேரத்தில் முடிக்கவும் பிள்ளைகளைப் பழக்குவாள்.

மூன்றாவது ஞாயிறும் தாமதமாக வந்து, கைப்பையை மறந்துவிட்டுக் கிளம்பிய நாகஜோதியை நிர்மலா வாசலில் நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்கு இருக்கறது உங்களுக்கும் இருக்குதுங்க. அடுத்த வாரம் நீங்களும் உள்ள வந்து உக்காருங்க."

நாகஜோதிக்கு முகம் சுண்டிவிட்டது. தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ஆகியிருந்தாள். வெளிநாட்டு ஆர்டரை நூல் வாங்குவது முதல் பெட்டி ஏற்றுவது வரை விரட்டுகிற வேலை. அங்கே அவளுக்கு 'மறதி மேடம்' என்றே பெயர். கழுத்து லேபிளை மாற்றச் சொல்லி வந்த மெயிலை ஒருமுறை படித்துவிட்டு அப்படியே மறந்துபோனாள். ஒரு லாட் பனியன் முழுக்கப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. பொறுப்பில்லாதவள் என்று அம்மா சொன்னாள், புருஷன் சொன்னான், மேனேஜர் சொன்னார். பழகினால் வருமென்று சொன்னவர் இதுவரை யாருமில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தாள்.

"மனசுக்குள்ள வெச்சா நழுவுதுல்லங்க? வெளிய எடுத்துப் போடுங்க. செய்யப் போறத வாய்விட்டுச் சொல்லுங்க. அது முடிஞ்சாத்தான் அடுத்தது" என்றாள் நிர்மலா.

நாகஜோதி ஆபீசில் சொல்ல ஆரம்பித்தாள். சாயப்பட்டறைக்குப் பேசும் முன்: "இப்ப டையிங்குக்கு போன். வேற எதுவும் இல்ல. டையிங் மட்டும்." முதலில் முணுமுணுப்பாக, பிறகு பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி. சிரித்தார்கள். ஒருவன் போனில் படமெடுத்து குரூப்பில் போட்டான். அவள் நிறுத்தவில்லை. விட்டுப்போகிற மெயில்கள் குறைந்தன. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. சத்தம்தான் எல்லோர் காதிலும் விழுந்தது.

ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் வருவதற்கு முந்தின வாரம் புரொடக்‌ஷன் மேனேஜர் கிட்டுசாமி அவளைக் கூப்பிட்டார்.

"ஏனம்மிணி, தனியாப் பேசறத நிறுத்த மாட்டீங்களா? வர்றவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"வேலை பாக்குறேன்னு நெனைக்கட்டும் சார்."

"வாய மூடிட்டுப் பாக்க முடியாதுங்களா?"

"லேபிள் தப்பாப் போச்சே சார், அப்ப வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவருக்குக் கழுத்து வரை சிவந்தது. "அப்பிடீன்னா நாளைக்கிருந்து பேக்கிங்குக்குப் போயிக்குங்க."

"போறேன் சார். அங்கயும் பேசுவேன்."

மறுநாள் பேக்கிங்கில் டேப் ஒட்டும் மிஷின் இரைச்சலையும் தாண்டி அவள் குரல் கேட்டது: "மீடியம் பெட்டி. மீடியம் மட்டும்." ஒரு பெட்டியில் அளவு மாறிப்போய்விட்டது. மறைக்காமல், "மாத்திப் போட்டுட்டேன், பிரிக்கிறேன்" என்று அதையும் உரக்கச் சொல்லிப் பிரித்தாள். மடிக்கிற பெண்கள் கிண்டலாகக் கூடவே சொன்னார்கள். அவளும் சிரித்துக்கொண்டே இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

அவள் இடத்துக்கு வந்தவன் சம்பளம் கூடக் கிடைத்ததென்று வேறு கம்பெனிக்குத் தாவினான். கிட்டுசாமி பேக்கிங்குக்கே வந்தார்.

"மேல வந்துருங்கம்மிணி. கொஞ்சம் மெதுவாப் பேசிக்கிட்டீங்கன்னா..."

"எனக்குக் கேக்குற அளவுக்குப் பேசுவேன் சார். அது ஆகாதுன்னா நான் இங்கயே இருந்துக்கிறேன்."

அவர் கூரையைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். "பிரிண்டர் ரூம் காலியாத்தான் கெடக்குது, அங்க உக்காந்துக்குங்க. கதவச் சாத்திக்குங்க."

"தெறந்துதான் வைப்பேன். வேலையா எல்லாரும் உள்ள வரணும்ல."

கிட்டுசாமி அவள் மேசையை அந்த ரூமுக்கு மாற்றச் சொன்னார்.

முதல் நாள் பிரிண்டர் ரூமில் உட்கார்ந்து பையைத் திறந்தால் சாப்பாட்டு டப்பாவைக் காணோம். பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள். பழைய நாகஜோதியாக இருந்தால் அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள்.

"சாப்பாடு பஸ்ல போயிருச்சு" என்று திறந்திருந்த கதவுக்கு வெளியே கேட்கும்படி சொன்னாள். "மத்தியானம் கேன்டீன். இப்ப டையிங்குக்கு போன்."