டோக்கன் இல்லாமல் பை கிடையாது

எதிர்வீட்டு டோக்கன் அக்கா தன்னந்தனியாக வெளிநாடு போய்விட்டு வந்தாள் என்பது எங்கள் குடியிருப்பின் மூன்று மாடிக்கும் தெரியும். அங்கே கடற்கரையில் என்ன நடந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே நாளில் கறந்துவிடவில்லை. தண்ணீர் மோட்டார் போடப் போகும்போது கொஞ்சம், மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது கொஞ்சம் என்று எட்டு நாள் பிடித்தது.

அக்காவுக்கு வேலை பெரிய துணிக்கடை ஒன்றில். புடவையை விரித்துக் காட்டும் வேலை அல்ல. வாசலில் பை வாங்கி வைக்கும் வேலை. நீங்கள் உள்ளே போகுமுன் பையைக் கொடுக்க வேண்டும். அவள் ஒரே எண் போட்ட இரண்டு தகடுகளில் ஒன்றைப் பையில் மாட்டி, இன்னொன்றை உங்கள் கையில் கொடுப்பாள். டோக்கனைத் தொலைத்துவிட்டால் பைக்குள் இருக்கும் மூன்று பொருளைச் சொன்னால்தான் பை. முதலாளியின் மாமியாரே ஒருமுறை டோக்கனைத் தொலைத்துவிட்டு, உள்ளே பல்செட்டு இருக்கிறது என்று பத்துப் பேர் முன்னால் சொல்லித்தான் பையை வாங்கிப் போனாள். அன்றைக்கு அக்காவின் வேலை போய்விடும் என்றார்கள். போகவில்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒரு பைகூட ஆள் மாறிப் போனதில்லை என்றால் எந்த முதலாளிக்கு மனசு வரும்?

வீட்டிலும் அவளுக்கு அதே உத்தியோகம்தான். தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது தனிக்கதை, அது இங்கே வேண்டாம். எல்லோரும் கடற்கரைக்குப் போவார்கள். தம்பி, தம்பி பெண்டாட்டி, பிள்ளைகள் இரண்டு பேர், கூடவே யாராவது ஒட்டுறவு. அத்தனை பேரும் தண்ணீரில் இறங்கிக் கும்மாளம் போடுவார்கள். அத்தனை பேரின் செருப்பு, கடிகாரம், போன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு அக்கா மணலில் உட்கார்ந்திருப்பாள். "யாராவது பார்த்துக்கணுமே" என்பார்கள். அந்த யாராவது யார் என்று ஒருநாளும் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில்லை. ஐம்பத்தொரு வயதில் கடல் அவளைக் கணுக்கால் வரைக்கும்தான் தொட்டிருந்தது.

இருபத்தைந்து வருட உழைப்புக்காகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பயணம் பரிசாகக் கொடுத்தார்கள். மூன்று நாள். ஒரே ஒரு ஆளுக்கு.

"தனியாவா? அங்க போய் என்னக்கா பண்ணப் போறீங்க?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"கடல்ல எறங்கப் போறேன்."

"அதுக்கு அவ்ளோ தூரமா? நம்ம ஊர்ல இல்லாத கடலா?"

"இங்க நீங்க எல்லாரும் இருக்கீங்களே."

சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அதனால் இது என் காதாலேயே கேட்டது. தம்பி பெண்டாட்டி என் கையிலிருந்த சல்லடையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். ஆனாலும் அவள் கிளம்பும்போது வாங்கிவர வேண்டிய சாமான் பட்டியல் ஒன்றை, இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையில் திணித்துவிட்டுத்தான் வழியனுப்பினார்கள்.

முதல் இரண்டு நாளைப் பட்டியல் தின்றுவிட்டது. தம்பி மகனுக்கு எட்டாம் நம்பர் ஷூ, தம்பிக்கு முழங்கால் பட்டை என்று கடை கடையாக ஏறி இறங்கினாள். மூன்றாம் நாள் மாலை விமானம். காலையிலேயே அறையைக் காலி செய்தாயிற்று. பெட்டியை விடுதி வரவேற்பறையில் ஓரமாக வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். கைப்பையையும் வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வரவேற்பறைப் பையன்கள் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சிரித்தார்கள்.

"டோக்கன் குடுக்காத எடத்துல பைய வைக்கிறதா? என்ன வேலை பார்க்கறானுங்க!" என்று என்னிடம் சொல்லும்போதுகூட அவளுக்கு ஆறவில்லை.

ஆக, பாஸ்போர்ட்டும் விமானச் சீட்டும் இருக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். கடலுக்கென்றே தைத்த கருநீலச் சுடிதாரும் மேலே ஏறிவிட்டது. வெயில் இதமாக இருந்தது. அலை ஒவ்வொன்றும் அவசரமே இல்லாமல் வந்து போனது. மணலில் போய் நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீரில் இறங்கினால் பையை யார் பார்த்துக்கொள்வது?

இத்தனை தூரம் பறந்து போனவளுக்கு இது ஒன்று மட்டும் தோன்றாமல் போயிருக்கிறது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் வரை போய்ப் பார்த்தாள். ஒரு சின்ன அலை வந்து தள்ளியது. பதறிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது.

"நாங்க குளிச்சிட்டு வர்ற வரைக்கும் இந்தப் பையக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?"

அவர்கள் எந்த பாஷையில் கேட்டார்களோ, அக்கா எந்த பாஷையில் பதில் சொன்னாளோ, அது அந்தக் கடலுக்கே வெளிச்சம். எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் தமிழில்தான். அத்தனை பெரிய கடற்கரையில் வேறு ஆளே இல்லையா என்று கேட்டேன். "இருந்தாங்க. என் மூஞ்சியப் பார்த்தா அப்படித் தோணும்போல" என்றாள்.

கை பழக்கத்தை விடுமா? பக்கத்தில் கிடந்த இரண்டு சிப்பிகளை எடுத்துப் பேனாவால் இரண்டிலும் ஒன்று என்று எழுதினாள். ஒன்றைப் பைமேல் வைத்தாள். இன்னொன்றை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். புருஷனிடம் காட்டினாள். புருஷன் தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். பைக்கு ஒரு டோக்கன்தான் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அதைப் பார்த்துவிட்டு ஒரு முடிதிருத்துகிறவர் வந்து தன் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தார். அவருக்குச் சிப்பி எண் இரண்டு. அடுத்து, உயரமும் அகலமுமாக ஒரு அம்மாள், பஸ் ஓட்டுகிறவள், விடுமுறை நாளில் நீந்த வந்தவள், ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து போட்டாள். சிப்பி எண் மூன்று. மத்தியானத்துக்குள் பதினொரு பைகள், கைப்பிடியெல்லாம் ஒரே பக்கம் பார்த்து, வரிசையாக உட்கார்ந்திருந்தன. இது நகராட்சி செய்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு ஒருவர், எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நாலரைக்கு. எனக்கு ஃப்ளைட் இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள் நம் ஆள்!

குளித்துவிட்டு வந்தவர்கள் சிப்பியைக் கொடுத்துப் பையை வாங்கினார்கள். வாங்கிக்கொண்டு போகவில்லை, அவளைச் சுற்றியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினார். அக்காவின் கடைக் கதையைக் கேட்டுக்கொண்டே ஜோடி ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்தது. முடிதிருத்துகிறவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, நீங்க இவ்ளோ சின்ன வயசா? கண்ணாடி இல்லாமப் பார்த்தப்ப எங்க அத்தை மாதிரி தெரிஞ்சீங்க."

"இப்ப?"

"இப்ப அத்தை பொண்ணு மாதிரி."

அவர் இப்படிச் சொன்னதை அக்கா என்னிடம் இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை, ஏற்கெனவே சொன்னது மறந்துவிட்டதுபோலச் சொன்னாள்.

மணி மூன்று. பஸ்காரம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீ எப்ப எறங்கப் போற தங்கச்சி?"

"எனக்குப் பை இருக்கு."

"யாருக்குத்தான் இல்ல? நான் பார்த்துக்கறேன், போ."

அக்கா பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். உள்ளே பாஸ்போர்ட். பக்கத்திலோ நாலு மணி நேரப் பழக்கம். இன்றைக்கு இறங்காவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"தெனம் ஐம்பது பேர் என் முதுகப் பார்த்துட்டுத் தூங்கிட்டே வர்றாங்க. ஒரு பைய நம்பிக் குடுக்க மாட்டியா நீ?" என்றாள் பஸ்காரம்மாள்.

அக்கா பையைத் தோளிலிருந்து கழற்றினாள். நீட்டினாள். இன்னொரு கையையும் நீட்டினாள்.

"டோக்கன் குடுங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ்காரம்மாளும் சிரிக்கப் போனவள், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஒழுங்காக இரண்டு சிப்பி பொறுக்கி, பேனாவை வாங்கிப் பன்னிரண்டு என்று எழுதினாள். ஒன்றைப் பைமேல் வைத்தாள். இன்னொன்றை அக்காவின் உள்ளங்கையில் வைத்து, அக்கா எல்லோருக்கும் செய்தது போலவே, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

இருபத்தைந்து வருடத்தில் அவள் கைக்கு ஒரு டோக்கன் வந்தது அதுதான் முதல்.

கல்யாணப் பெண் இடுப்பளவு தண்ணீர் வரை கைப்பிடித்துக் கூட்டிப்போய் விட்டாள். அக்கா திரும்பிக் கரையைப் பார்த்தாள். பஸ்காரம்மாள் பையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நெஞ்சளவு போனதும் இன்னொருமுறை திரும்பினாள். மறுபடியும் பை மேலே எழும்பியது. அடுத்து ஒரு அலை வந்து அவளை அப்படியே முழுக்கிவிட்டு, மூக்கிலும் காதிலும் உப்புத் தண்ணீரோடு வெளியே விட்டது. கரையில் பஸ்காரம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றாள். அக்கா திரும்பவே இல்லை.

தண்ணீருக்குள் எப்படி இருந்தது என்று மூன்று நாள் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். "வெதுவெதுன்னு இருந்துச்சு" என்பதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நனைந்த கோழி மாதிரி ஏறி வந்தவளிடம் பஸ்காரம்மாள் கையை நீட்டினாள்.

"டோக்கன்?"

அக்கா கையை விரித்தாள். வெறும் கை. எந்த அலையில் நழுவியதோ!

"தொலைச்சிட்டியா? உங்க கடையில என்ன சட்டம்?"

"உள்ள இருக்கற மூணு பொருளச் சொல்லணும்."

"சொல்லு."

கூட்டம் நெருங்கி உட்கார்ந்துகொண்டது. அக்கா நடுங்கிக்கொண்டே நின்றாள்.

"பாஸ்போர்ட்."

"அது யார் பையிலயும் இருக்கும். அடுத்தது."

"ஒரு பட்டியல். ரெண்டு பக்கம்."

"என்ன பட்டியல்?"

"தம்பி மகனுக்கு ஷூ, தம்பிக்கு முழங்கால் பட்டை, தம்பி பெண்டாட்டிக்கு..." என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"உனக்கு?"

கல்யாணப் பெண் வாயில் வைத்த ஆரஞ்சுச் சுளையை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு துண்டு இருக்கு. மஞ்சள். கடல்ல குளிச்சா துவட்டறதுக்கு. பதினோரு வருஷம் முன்ன எங்க கடையிலயே வாங்கினது. பீரோவுல இருந்துச்சு. இன்னும் விலைச்சீட்டுகூடப் பிய்க்கல."

பஸ்காரம்மாள் பைக்குள் கைவிட்டுத் துண்டை எடுத்தாள். விலைச்சீட்டைப் பல்லால் கடித்துத் துப்பினாள். உதறி அக்காவின் தோளில் போர்த்தி, முன்பக்கம் இழுத்துச் சொருகிவிட்டாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்க. இந்தா உன் பை."

அக்கா அழுதாளா என்று கேட்டேன். கண்ணில் உப்புத் தண்ணீர் என்றாள். சரி, நானும் கடலைப் பார்த்தவள்தான், விட்டுவிட்டேன்.

அந்தப் பட்டியலில் ஆறு சாமான் வரவில்லை. அதற்கு அந்த வீட்டில் ஒரு வாரம் பாத்திரங்கள் சத்தம் போட்டன. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எல்லோரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். வண்டியில் ஒரு இடம் இருந்தது, நான் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லைதான், யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை.

மணலில் கால் வைத்ததும் செருப்பு, கடிகாரம், போன் எல்லாம் அக்காவின் முன்னால் குவிந்தன. தம்பி தண்ணீரைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டான். அக்கா அத்தனையையும் அள்ளித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கையை நீட்டினாள்.

"என்ன வேணும்?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"டோக்கன்."

என் தலையிலிருந்த கிளிப்புகளில் ஒன்றைப் பையில் மாட்டிவிட்டு, இன்னொன்றைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். மஞ்சள் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் நேராகக் கடலைப் பார்த்து நடந்தாள். "அக்கா, நீங்க எங்க போறீங்க?" என்று தம்பி பெண்டாட்டி கத்தினாள். கடல் இரைச்சலில் அக்காவுக்குக் கேட்கவில்லை. அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பையைத் திறந்து பார்க்கவில்லை. ஜிப்பில்கூடக் கை வைக்கவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அக்கா திரும்பிப் பார்த்தால் காட்டுவதற்காகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கை வலித்ததுதான் மிச்சம்.