கண்ணில் வைத்த புள்ளி

என் தம்பி சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சற்று முன் அவன் நண்பன் செல்போனில் எடுத்த படம் அது. ஊர்வலத்தின் முன்வரிசையில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கைகளில் ஒன்றுமில்லை. காவல்துறையோ அவன் பெட்ரோல் குண்டு வைத்திருந்தான் என்றது.

நான் ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவள். யார் முகமானாலும் கடைசியில் இரண்டு கருவிழிகளிலும், இடது மேல் ஓரத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பேன். கடையில் அதற்கு "உசிர் வைக்கிறது" என்று பெயர். "உன் கையில மாட்டினா செத்த மீனும் முழிச்சுக்கும்க்கா" என்று தம்பி கிண்டல் செய்வான்.

நண்பன் எனக்கு அனுப்பிய அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புமுன் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். பழக்கதோஷம், கை தானாகவே புள்ளியையும் வைத்துவிட்டது. நண்பனின் போனைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டது. எனக்கு வந்ததன் மேலேயே திருத்திச் சேமித்திருந்ததால், மிஞ்சியது நான் திருத்திய படம் மட்டும்தான்.

சனங்கள் நிறைந்த கூடத்தில் விசாரணை அதிகாரி அதைத் திரையில் பெரிதாக்கினார்.

"இந்த வெளிச்சம் வரைஞ்சது. கண்ணையே மாத்தினவங்க கையை மாத்த மாட்டாங்களா? இந்தப் படம் செல்லாது."

இருந்த ஒரே சாட்சியை நானே கெடுத்துவிட்டேனே என்று நிமிர்ந்தேன். அவர் தலைக்கு மேல் நாட்டுத் தலைவரின் படம். எல்லா அலுவலகங்களிலும் தொங்குவது. நாலு வருடம் முன்பு எங்கள் ஸ்டூடியோவுக்குத்தான் திருத்த வந்தது.

"புள்ளி வச்சது நான்தாங்க ஐயா."

"ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன். அவருக்கும் நான்தான் வச்சேன், அதே இடத்துல. திரும்பிப் பாருங்க. இது செல்லாதுன்னா அதையும் கழட்டிடணுமே?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். தட்டச்சு செய்தவர் மெல்லக் கேட்டார்: "ஐயா, இந்தம்மா சொன்னதையும் எழுதணுங்களா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

அன்று மாலைக்குள் சனங்கள் வங்கியிலும் தபால் நிலையத்திலும் மருத்துவமனையிலும் தலைவரின் கண்களைப் போனில் எடுத்து, என் தம்பியின் கண்களுக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டிலும் ஒரே புள்ளி. மூன்றாம் நாள் அதிகாரி படத்தை ஏற்றுக்கொண்டார். கைகள் வெறுமையாக இருந்தன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தேன். தெரு கொள்ளாத கூட்டம். ஒவ்வொரு கையிலும் ஒரு போன், ஒவ்வொரு போனிலும் அவன் முகம். நான் ஒருமுறை மவுசைத் தட்டி வைத்த புள்ளி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே பக்கமாக மின்னிக்கொண்டிருந்தது. படியிறங்க மறந்து நின்றேன்.

முழிச்சுக்கிட்டியாடா.