இரண்டு காதுக்கு ஒரு பாட்டு

நான் வாங்கிய பாட்டோடு ஒரு காவலரும் வந்தார். பெயர் ஞானப்பிரகாசம். அந்தப் பாட்டு வேறு யார் காதிலும் விழாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பாட்டின் விலையில் பெரும்பகுதி அவர் சம்பளத்துக்குப் போய்விடும். மிச்சம், பாடியவருக்கு. மிச்சம் இருப்பதில்லை என்று ஞானப்பிரகாசமே வருத்தத்தோடு சொன்னார்.

உண்மையில் பாட்டை என் மனைவி பூரணிக்காகத்தான் வாங்கினேன். அன்று எங்கள் கல்யாண நாள். கடையில் பெயர் கேட்டார்கள். கேஸ் இணைப்புக்கும் கரண்ட் பில்லுக்கும் சொல்லிப் பழகிய வாய் என் பெயரையே சொல்லிவிட்டது.

தினமும் மாலை நாலு மணிக்குப் பாட்டைக் கேட்டே ஆகவேண்டும் என்பது ஒப்பந்தம். அப்போது பூரணி வெளியே போய்விட வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் எறங்கி நில்லுங்கம்மா," என்பார் ஞானப்பிரகாசம். "படியிலயும் கேக்குது."

எங்கள் வீடு இரண்டாவது மாடி. முதல் நாள் முப்பத்தாறு படிகள் இருந்தன. மறுவாரம் நூற்றுப்பத்து. பாட்டு நாலு நிமிடம்தான். ஆனால் போன செவ்வாய்க்கிழமை இறங்கிய பூரணி வியாழக்கிழமைதான் மேலே வந்தாள். செருப்பு தேய்ந்திருந்தது.

"கீழ என்ன இருக்கு?" என்றேன்.

"படிதாங்க. நாளைக்குச் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போறேன்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே உரிம அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்ட்டரில் ஒரு அம்மாள் இருந்தார்.

"பாட்டு என் மனைவிக்கும் கேக்கணும்."

"மனைவிங்கிறது உறவு சார். எத்தன காதுக்கு வாங்கினீங்க?"

"ரெண்டு."

"அதுக்கு மேல தர முடியாது. ஒருத்தருக்குத் தந்தா ஊருக்கே தந்த மாதிரி."

"என்னோட ஒண்ண அவளுக்கு மாத்தலாமா?"

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார்.

"கூடாதுன்னு போடல," என்றார். "உங்களுக்கு எந்தக் காது நல்லாக் கேக்கும்?"

"இடது."

"எதைக் குடுக்கறீங்க?"

"அதையே."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு என் இடது காதுமடலில் 'ரத்து' என்று முத்திரை குத்தினார். வலிக்கவில்லை.

நாலு மணிக்குப் பூரணி என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். தலை வாரி, புதுப்புடவை கட்டியிருந்தாள். ஞானப்பிரகாசம் உரிம அலுவலகம் தந்த ஆணையை இரண்டு முறை படித்தார். எங்களுக்குப் பின்னால் நின்று, ஒரு கையால் என் இடது காதையும் இன்னொரு கையால் அவளுடைய வலது காதையும் பொத்தினார். அவர் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது.

பாட்டு தொடங்கியது. எனக்குப் பாதிதான் கேட்டது. பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல் என் முழங்கையில் தாளம் போட்டது.

இத்தனை நாளும் ஞானப்பிரகாசம் தன் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டுதான் நிற்பார். இன்று அவருக்குக் கை மிச்சமில்லை.

பாட்டு முடிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"எப்படி இருந்துச்சுங்க?" என்று பூரணி அவரிடம் கேட்டாள்.

"நான் கேக்கலைங்கம்மா," என்றார். "அந்த ரெண்டாவது வரி மட்டும் சரியா புரியல. இன்னொரு தடவ போடச் சொல்லுங்க."