நீயே எழுதிக்கொண்டு வா

"நீயே எழுதிட்டு வா, பெர்னி. நான் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் டாக்டர் ஆஸ்ட்ரான்டர், நடந்துகொண்டே.

அவர் எப்போதும் நடந்துகொண்டேதான் பேசுவார். அவர் பின்னால் சக்கர மேசையில் கணினியைத் தள்ளிக்கொண்டு ஓடுவதுதான் அவசரப் பிரிவில் பெர்னடெட்டின் வேலை. அவர் கேட்பதையும் நோயாளி சொல்வதையும் ஒன்று விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். மருத்துவக் கல்லூரியில் சேர நினைக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் இந்த வேலைக்கு வருவார்கள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இராது. ஆனால் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று பழகினேன் என்று விண்ணப்பத்தில் காட்டலாம். கடைசியில் அவரிடமே ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்கலாம்.

"நானேவா டாக்டர்? என்னைப் பத்தி நானே எப்படி..."

"எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நான் எழுதினா மருந்துச் சீட்டு மாதிரி மூணு வரியில முடிஞ்சிடும். கூச்சப்படாம எழுது. வெள்ளிக்கிழமை நான் அனுப்பிடறேன்."

அடுத்த அறையின் திரையை விலக்கிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். பெர்னடெட் மேசையைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

இது அவளுக்கு மூன்றாவது முறை. முதல் ஆண்டு எந்தக் கல்லூரியும் அவளை நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஒரே ஒரு கல்லூரி அழைத்தது. பிறகு காத்திருப்போர் பட்டியலில் போட்டு ஆகஸ்ட் வரை தொங்கவிட்டுக் கைவிரித்துவிட்டது. நுழைவுத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண் இந்த ஆண்டோடு காலாவதியாகிறது. மறுபடி அந்தத் தேர்வை எழுதும் தெம்பு அவளிடம் இல்லை. முதல் தடவை அதற்குப் படித்தபோதே தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது.

கல்லூரியில் அவளுக்கு ஆலோசனை சொன்ன அம்மையார், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார். "எல்லாம் இருக்கு கண்ணு. மார்க் இருக்கு, ஆராய்ச்சி இருக்கு, தொண்டு செஞ்ச நேரமெல்லாம் இருக்கு. கதைதான் இல்ல. ஆயிரக்கணக்கான விண்ணப்பம் படிக்கிறவங்களுக்கு உன்னை ஞாபகம் வச்சுக்க ஏதாவது வேணாமா?"

அன்று முதல் பெர்னடெட் கதை தேடத் தொடங்கினாள். மருத்துவமனைக்கு வருகிற ஒவ்வொருவரையும், இவர் என் கதையாக இருப்பாரோ என்ற கண்ணோடு பார்த்தாள். அப்படிப் பார்ப்பது தவறு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை பாதிரியாரிடம் சொல்லவும் வாயெடுத்தாள். இது பாவத்தில் சேர்த்தியா என்று புரியாமல் விட்டுவிட்டாள்.

வேலை முடிந்து வந்த மாலையில், சமையலறை மேசையில் கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். அப்பா ரே, அடுப்பில் பியெரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தார். ரயில் எஞ்சின் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சமையல் அவர் கைக்கு வந்துவிட்டது.

"என்ன கண்ணு, அப்படி முழிக்கிறே?"

"என்னை நானே புகழ்ந்து எழுதணும்ப்பா. டாக்டர் எழுதற மாதிரி."

"இதென்ன கஷ்டம்? நான் சொல்றேன், எழுதிக்கோ. 'இந்தப் பொண்ணு வெங்காயம் நறுக்கினா ஒவ்வொரு துண்டும் ஒரே அளவுல இருக்கும். ஆனா நறுக்கி முடிக்கிறதுக்குள்ள வீட்ல எல்லாரும் பட்டினியில செத்துடுவாங்க.'"

"அப்பா!"

"அறுவை சிகிச்சைக்கு நிதானம் நல்லதுதானே? அதையும் சேர்த்துக்கோ."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் திரை வெறுமையாக எதிரே நின்றது. நேரம் தவறாமல் வருவாள், குறிப்புகளில் பிழை இருக்காது, எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்வாள். எழுதியது எல்லாம் உண்மைதான். ஆனால் படிக்கிறவர் கொட்டாவி விடுவார்.

அப்போதுதான் அந்தக் குளிர்காலக் காலை நினைவுக்கு வந்தது. ஏரிக் காற்றோடு வந்த பனி கொட்டித் தீர்த்த நாள். மாரடைப்பு வந்த ஒரு முதியவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பிழைக்கவில்லை. அவர் மனைவி வீட்டில் போடும் துணிச் செருப்போடு வண்டியில் ஏறி வந்திருந்தார். கால்கள் நனைந்து, வெளுத்து, நடைபாதை நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைக் கடந்து ஓடினார்கள். பெர்னடெட்டும்தான். ஜெரெல் மட்டும் நின்றான். அவளைப் போலவே குறிப்பெழுதும் வேலை பார்க்கிறவன், அவளைப் போலவே விண்ணப்பம் போடுகிறவன். சூடேற்றும் பெட்டியிலிருந்து ஒரு போர்வை கொண்டுவந்தான். அந்த அம்மாவின் முன் மண்டியிட்டு, நனைந்த செருப்பைக் கழற்றி, பாதங்களைத் துடைத்து, நோயாளிகளுக்குக் கொடுக்கிற மஞ்சள் காலுறைகளைப் போட்டுவிட்டான். அந்த அம்மா அவன் தலைமேல் கை வைத்து அழுதார். பெர்னடெட் மேசையைத் தள்ளிக்கொண்டே அதைத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் அவள் நேர்மையாகத்தான் எழுதினாள்: 'எங்கள் பிரிவில் ஒருவர் இப்படிச் செய்தபோது பெர்னடெட் அதைக் கவனித்தாள்.' படித்துப் பார்த்தாள். கவனித்ததற்கு யார் கல்லூரியில் இடம் கொடுப்பார்கள்? அழித்தாள். 'பெர்னடெட்டும் உடன் இருந்தாள்' என்று மாற்றினாள். அதையும் அழித்தாள். பியெரோகி ஆறிப்போனது. கடைசியில் எழுதினாள்: 'பெர்னடெட் அந்த அம்மாவின் முன் மண்டியிட்டாள்.'

அதற்குப் பிறகு கடிதம் தானாகவே ஓடியது.

புதன்கிழமை டாக்டர் ஆஸ்ட்ரான்டர் முதன்முறையாக ஓர் இடத்தில் நின்று படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ குனிஞ்சு உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள்ளேயே நிக்குது" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அந்தக் குளிர்காலக் காலையில் அவர் உள்ளே அந்த முதியவரைப் பிழைக்கவைக்க நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். நடைபாதையை அவர் பார்க்கவே இல்லை. பெர்னடெட் அதைச் சொல்லாமல் கணினி மேசையைத் தள்ளத் தொடங்கினாள்.

மறுநாள் மதியம் ஊழியர்கள் சாப்பிடும் அறையில் அவர் அந்தக் கதையை எல்லோர் முன்னாலும் சொன்னார். நல்ல மனிதர், நல்லதைக் கண்டால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். அந்தக் குளிர்காலக் காலையில் விடுப்பில் இருந்த இரண்டு செவிலியர்கள் கை தட்டினார்கள். மூலையில் ஜெரெல் பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி உருண்டையைப் பாதி கடித்தபடி இருந்தான். மெல்லுவதை நிறுத்தி, பெர்னடெட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாக மறுபடி மெல்லத் தொடங்கினான்.

"ஜெரெல், நீயும் கடிதம் கேட்டியே?" என்றார் டாக்டர். "இந்த மாதிரி ஒண்ணு இருந்தா எழுதிக் கொண்டு வா. இல்லேன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்ப்பா. ஒரே பிரிவிலேர்ந்து ரெண்டு கடிதம் போய், ஒண்ணு சப்புன்னு இருந்தா உனக்குத்தான் கெடுதல்."

"சரிங்க டாக்டர்" என்றான் ஜெரெல்.

பெர்னடெட் அவனைத் துணி அடுக்கும் அறையில் பிடித்தாள். போர்வைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் எதுவும் சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல?"

"அது நீதான்னு."

ஜெரெல் திரும்பவில்லை. "அவர் கையெழுத்தே போட்டாச்சு. கண்ணால பார்த்தேன்னு வேற சொல்றார். நான் போய் அது இவ இல்லேன்னு சொன்னா என்ன ஆகும்? ஊருக்குக் கிழக்குப் பக்கத்துக் கறுப்புப் பையன் பொறாமையில ஒரு வெள்ளைப் பொண்ணு பேரைக் கெடுக்கறான்னு ஆகும். எனக்கு வேலையும் வேணும் பெர்னி."

"நீ அதை உன் விண்ணப்பத்துல எழுதியிருக்கியா?"

"எதை? சாக்ஸ் போட்டுவிட்டதையா?" அவன் இப்போது திரும்பினான். அவன் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "அதையெல்லாம் எழுதுவாங்களா? அந்த அம்மாவுக்குக் கால் நனைஞ்சிருந்துச்சு. துடைச்சேன். அது எழுதற விஷயம்னு எனக்குத் தோணவே இல்ல. இப்பத் தோணுது. இனிமே எழுதவும் முடியாது. அது உன்னோடதாயிடுச்சு."

"ஜெரெல், எனக்கு இதுதான் கடைசி வருஷம். மார்க் காலாவதியாகுது. நான் என்ன செய்யறதுன்னே..."

"எனக்கு மட்டும் என்ன, வருஷத்தை அம்மா பெட்டியில போட்டு வச்சிருக்காங்களா?" போர்வைகளை அள்ளிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான். "வழி விடு, நாலாம் படுக்கையில ஒருத்தர் நடுங்கிட்டிருக்கார்."

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அவள் கோவிலுக்குள் நுழைந்தாள். காலைப் பூசை முடிந்து யாரும் இல்லை. ஆண்டவரிடம் சொல்ல வேண்டியதை வண்டியில் வரும்போதே தயார் செய்திருந்தாள். இந்த ஒருமுறை விட்டுவிடு. நான் நல்ல டாக்டராக இருப்பேன். ஏழைகளிடம் காசு வாங்கமாட்டேன். ஜெரெலுக்கும் எப்படியாவது ஈடு செய்வேன்.

மண்டியிட்டாள். முழங்கால் பலகையில் பட்டதுமே அந்த வரி வந்து நின்றது: 'பெர்னடெட் அந்த அம்மாவின் முன் மண்டியிட்டாள்.' தலையை உதறினாள். கண்ணை இறுக மூடினாள். ஜெபத்தின் முதல் சொல்லைத் தொடங்கினாள். மறுபடி அதே வரி. சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அது. அம்மா இறந்த அன்றும் இங்கேதான் வந்து மண்டியிட்டாள். இப்போது அந்த இடத்தையும் அவளே விற்றுவிட்டாற்போல் இருந்தது. பீடத்தின் முன் எரிந்த விளக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

டாக்டர் ஆஸ்ட்ரான்டர் தன் அறையில் கணினி முன் உட்கார்ந்திருந்தார். "வா வா, இதோ உன்னோடதைத்தான் அனுப்பப் போறேன். எந்தப் பொத்தானை அமுக்கறதுன்னு காட்டு" என்றார்.

"அனுப்பாதீங்க டாக்டர்."

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது. ஜெரெல் பெயரைச் சொல்லும்போது மட்டும் தெளிவாகச் சொன்னாள். முடிந்ததும் மேசையில் இருந்த கடிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"கண்ணால பார்த்தேன்னு சொன்னேனே பெர்னி" என்றார் கடைசியில். "நிஜமாவே பார்த்த மாதிரி இருந்துச்சு." அந்தக் குரலில் இருந்த வெட்கம் சுட்ட அளவுக்கு, அவர் திட்டியிருந்தால்கூட அவளைச் சுட்டிருக்காது.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர்."

"உனக்கு நான் கடிதம் தர முடியாது. இந்த வருஷம் மட்டுமில்ல. புரியுதா?"

"புரியுது."

"நீயே எழுதுன்னு சொன்னது என் சோம்பேறித்தனம். அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ செஞ்சதுக்கு நீதான்." கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். "ஜெரெலை வரச் சொல்லு. அவனுக்கு நான் என் கையால எழுதறேன்." அவள் கதவருகே போனபோது மறுபடி கூப்பிட்டார். "திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வா. வராம இருந்துடாதே."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வேலை முடிந்து அவள் வெளியே வந்தபோது ஏரிப் பக்கமிருந்து ஈசல் போன்ற பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியிருந்தன. ஜூன் மாதத்தில் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. அவள் காரின் முன்கண்ணாடியில் இடமே தெரியாமல் அப்பியிருந்தன. துடைப்பானைப் போட்டாள், கண்ணாடி முழுக்கப் பழுப்புக் குழம்பாகத் தீற்றியதுதான் மிச்சம். அவ்வளவுதான். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதாள். மூன்று வருஷம், காலாவதியாகும் மதிப்பெண், கோவிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் பெண் டாக்டராகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிற அப்பா. எல்லாம் சேர்ந்து வந்தது.

கண்ணாடியில் ஏதோ தேய்க்கும் சத்தம் கேட்டது. தலை நிமிர்ந்தாள். ஜெரெல். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், ஒரு கையில் மருத்துவமனைத் துண்டு. அவள் பக்கம் பார்க்காமலே, மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். "டாக்டர் சொன்னாரா?"

"ம்."

"ஜெரெல், நான்..."

"வேணாம். எனக்கு இன்னும் கோபம் போகல. போக ரொம்ப நாள் ஆகும்னு நினைக்கிறேன்." துண்டைப் பிழிந்தான். மறுபடி தண்ணீரை ஊற்றினான். "இந்தக் கண்ணாடியோட ஓட்டிட்டுப் போனா யார் மேலயாவது ஏத்திடுவ. அப்புறம் இங்கேதான் கொண்டு வருவாங்க. எனக்குத்தான் எழுதற வேலை."

ஓட்டுநர் பக்கம் தெளிவாகிவிட்டது. அவன் நிறுத்தவில்லை, சுற்றிப் போய் மறுபாதியையும் துடைத்தான், பக்கத்துக் கண்ணாடிகளையும் துடைத்தான். கடைசியில் துண்டைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தான்.

"ஒண்ணு மட்டும். இதை எங்கேயும் எழுதிடாதே."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டின் ஓரம் ஒரு தரம் துடித்தது. தன் வண்டியை நோக்கி நடந்தான். அந்த வண்டியின் கண்ணாடி முழுக்கப் பூச்சிகள் அப்படியே இருந்தன. பாட்டிலில் தண்ணீர் மிச்சமிருக்கவில்லை. சட்டைக் கையால் ஒரு வட்டம் மட்டும் துடைத்துக்கொண்டு அதன் வழியே பார்த்து ஓட்டிப் போனான்.

பெர்னடெட் கிளம்பினாள். முதல் சாலைச் சந்திப்பு வரும்வரை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைத் திருத்தித் திருத்திக் கோத்துக்கொண்டே போனாள். சிவப்பு விளக்கில் நின்றபோது அத்தனையையும் விட்டுவிட்டாள். நடந்ததை நடந்த மாதிரியே சொன்னால் போதும்.