ஹதானோ என்று எழுதிய கேசட்டுகள்

புதன்கிழமை அந்தப் பழைய வீடியோ கேம் கடைக்கு விடுமுறை என்று ரோகாஸுக்குத் தெரியாது. நகோயாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ரயிலில் வந்து, அரை மணி நேரம் மழைத் தூறலில் நடந்து, கடைசியில் இறக்கிவிட்ட ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் போலவே ஏமாந்து இன்னொருவரும் நின்றிருந்தார். எழுபது தாண்டிய பெண்மணி. அவர் தள்ளிவந்த வண்டியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. மேலே போர்த்தியிருந்த துணி விலகியிருந்த இடத்தில் பழைய விளையாட்டுக் கேசட்டுகளின் முதுகுகள் தெரிந்தன.

ரோகாஸ் லிதுவேனியாக்காரன். முப்பத்தாறு வயது. ஏழு வருடத்துக்கு முன் ஜப்பானுக்கு வந்ததே வீடியோ கேம்களுக்காகத்தான். பிழைப்புக்கு ஒரு இயந்திரக் கம்பெனியில் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். லீவு கிடைத்தால் இப்படிச் சின்ன ஊர்களில் கடை கடையாக ஏறி இறங்குவான். நகரத்துக் கடைகளைப் பழைய கேசட் சேகரிப்பவர்கள் சலித்து எடுத்துவிட்டார்கள். ஊர்ப்புறங்களில்தான் இன்னும் ஏதாவது கிடைக்கும்.

"விக்கக் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டான்.

அந்த அம்மாள் ஒரு வெளிநாட்டுக்காரன் ஜப்பானிய மொழி பேசுவதைக் கேட்டுத் திடுக்கிட்டு, பிறகு தலையாட்டினார். "இன்னிக்கே குடுத்திடணும்னு வந்தேன். திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது."

பெட்டிக்குள் நாற்பது கேசட்டுகளுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் கறுப்பு மையில், சின்னப் பிள்ளைக் கையெழுத்தில், 'ஹதானோ யோஷியுகி' என்று எழுதியிருந்தது. அடியில் கிடந்த ஒன்றை ரோகாஸ் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டான். அவனுடைய மூன்று மாதச் சம்பளம் பெறும் அது. அவன் முகத்தை மாற்றாமல் ஐயாயிரம் யென் நோட்டு ஒன்றை நீட்டினான்.

"இவ்வளவு எதுக்கு? எடுத்துக்கிட்டுப் போனாலே போதும்" என்றார் அவர். நோட்டை மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டு, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு விரைந்து போனார். ரசீது, பெயர், முகவரி எதுவும் கிடையாது.

ரயிலுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்த விலையுயர்ந்த கேசட்டை மடியில் வைத்தான். அசல்தானா என்று பார்க்கப் பையில் எப்போதும் இருக்கும் திருப்புளியை எடுத்துத் திருகுகளைக் கழற்றினான். உள்ளே பச்சைப் பலகை, பழைய பேட்டரி. அசல்தான். மூடிக்கொண்டிருந்தபோது இரண்டு ஜோடி கறுப்பு ஷூக்கள் அவன் எதிரில் வந்து நின்றன.

"கொஞ்சம் தொந்தரவு. உங்க குடியிருப்பு அட்டையக் காட்டுங்க."

கேட்டவர் முராசே என்ற போலீஸ்காரர். ஐம்பது வயதிருக்கும், சோர்ந்த முகம். கூட இருந்தவன் இனாபா என்ற இளம் போலீஸ்காரன். ரோகாஸ் கோட்டுப் பையைத் தொட்டான். காலையில் மழையைப் பார்த்துக் கோட்டை மாற்றியிருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அந்த அட்டை கழற்றிவைத்த கோட்டில் இருந்தது.

"வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன்."

"சரி. கையில இருக்கிறது என்ன?"

"திருப்புளி. கேசட் தெறக்கிறதுக்கு."

இனாபா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். நுனியில் ஆறு பல் கொண்ட குழி. "இந்த மாதிரி நான் பாத்ததே இல்லையே" என்றான்.

முராசே பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு இனாபாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் ரோகாஸுக்கு உண்மையான பயம் பிடித்தது.

"பத்து நிமிஷத்துக்கு முன்னால ஒரு போன் வந்துச்சு. வீட்ல யாரோ புகுந்து கேம் கேசட்டெல்லாம் திருடிட்டாங்கன்னு. போன் பண்ணினவர் பேரு ஹதானோ யோஷியுகி."

காவல் நிலையத்தில் அவனை உட்காரவைத்த அறைக்கு ஜன்னல் இல்லை. யாரும் சத்தம் போடவில்லை. டீகூடக் கொடுத்தார்கள். பயத்தில் அவன் அதைத் தொடவில்லை. குற்றம் சாட்டாமலே இருபத்துமூன்று நாள் உள்ளே வைக்கலாம் என்று முன்பு கூட வேலை பார்த்த ஒருவன் சொல்லியிருந்தான். இருபத்துமூன்று நாள் ஆபீசுக்குப் போகாவிட்டால் வேலை போகும். அவனுடைய விசா நீட்டிப்பு மனு இன்னும் முடிவாகவில்லை. திருட்டுக் கேஸ் என்று ஒரு வரி அதில் ஏறினால் போதும். ஏழு வருட வாழ்க்கையை இரண்டு பெட்டியில் அடைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

நடந்ததை மூன்று முறை சொன்னான். ஒவ்வொரு முறையும் அது அவனுக்கே கட்டுக்கதைபோல் கேட்டது. மூடிய கடை வாசலில் பெயர் தெரியாத ஒரு பெண்மணி, ரசீதில்லாமல், பெட்டியோடு கொடுத்தாராம்.

முராசே அந்த வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது.

"அவரோட அம்மா வீட்ல இருந்தாங்க. உங்க போட்டோவக் காட்டினோம். பாத்ததே இல்லன்னு சொல்றாங்க."

ரோகாஸுக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியெல்லாம் அந்த ஒரு கணத்தில் மறந்துபோனது. "வண்டி" என்றான். "தள்ளுவண்டி. கட்டம் போட்ட துணி. இடது சக்கரம் கிரீச்னு சத்தம் போடும். அந்த அம்மாதான். பொய் சொல்றாங்க."

"எதுக்குப் பொய் சொல்லணும்?"

சுவரோரம் நின்ற இனாபாதான் மெதுவாகப் பேசினான். "சார், நாம கேட்டப்போ அந்தம்மா போட்டோவப் பாக்கவே இல்ல. மாடிப் படியத்தான் பாத்துட்டிருந்தாங்க. படி மேல மகன் நின்னுட்டிருந்தாரு."

முராசே பேனாவுக்கு மூடியைப் போட்டு வைத்தார். "வண்டி நடையில நின்னுச்சா?"

"நின்னுச்சு. துணி கட்டம் போட்டதுதான்."

"புகார்ல கையெழுத்துப் போடணும்னு சொல்லிக் கூப்பிடு. அந்தம்மாவ மட்டும்" என்றார் முராசே.

ஆனால் இருவரும் வந்தார்கள். தன் பொருட்களைத் தானே பார்த்து அடையாளம் சொல்வதாக மகன் கிளம்பிவிட்டாராம். யோஷியுகிக்கு நாற்பத்தெட்டு வயது. பெரிய உடம்பு, தோளைத் தொடும் தலைமுடி, வெயிலே படாத வெளுத்த முகம். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். பதினோரு வருடமாக அவர் தெருவில் இறங்கியதில்லை என்று இனாபா பிற்பாடு சொன்னான்.

அறைவாசலில் ரோகாஸைப் பார்த்ததும் அந்த அம்மாளின் கால்கள் நின்றுவிட்டன. தொஷியே என்பது அவர் பெயர். அவன் முகத்தையும் மகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரோகாஸை நோக்கி இடுப்பு வளையக் குனிந்தார். அப்படியே நிமிரவில்லை.

"நான்தான் குடுத்தேன். இவர் எதுவும் பண்ணல. நான்தான் வித்தேன்."

"அம்மா, நிமிருங்க" என்றார் முராசே.

"அதெல்லாம் இல்லேன்னா அவன் ரூம விட்டு வெளிய வருவான்னு நெனச்சேன்." அவர் தரையைப் பார்த்தே பேசினார். "தூங்கும்போது எடுத்தேன். வீட்டுக்குப் போனதும் கேட்டான். திருடன் வந்திருப்பான்னு சொல்லிட்டேன். பயமா இருந்துச்சு."

யோஷியுகி மேசை மேலிருந்த பெட்டியருகில் போய்க் கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். அவசரமே இல்லை. அவர் கத்தியிருந்தால்கூட ரோகாஸ் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். கடைசிக் கேசட்டை எடுத்ததும் அவர் விரல் திருகின் மேல் நின்றது.

"இதத் தெறந்தீங்களா?"

"தெறந்தேன்."

"பேட்டரியக் கழட்டினீங்களா?"

"இல்ல. அசலான்னு பாத்தேன், அவ்வளவுதான். தொடல."

"இதுல நான் அஞ்சாவது படிக்கிறப்போ ஆடிச் சேத்து வெச்ச கேம் இருக்கு. பேட்டரி போனா அழிஞ்சிடும்." அவர் முதல் தடவையாக ரோகாஸின் கண்ணைப் பார்த்தார். "இதோட வெல தெரிஞ்சுதான எடுத்தீங்க?"

போலீஸ்காரர்கள் இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் கேட்டவருக்கு விடை தெரியும். இந்த அறையில் அந்தக் கேசட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

"தெரியும்" என்றான் ரோகாஸ். "தெரிஞ்சுதான் சொல்லாம வாங்கினேன். மன்னிச்சிடுங்க. எல்லாத்தையும் எடுத்துக்குங்க, எனக்கு வேணாம்."

யோஷியுகி தலையசைத்தார். மன்னித்தாரா என்று அதிலிருந்து தெரியவில்லை. கேசட்டுகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கி, அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அம்மா. வீட்டுக்குப் போலாம்."

தொஷியே அம்மாள் நகரவில்லை. முராசேயைப் பார்த்து, மிக மரியாதையாக, "ஒரு டீ கெடைக்குமா? குடிச்சிட்டுப் போறேனே" என்றார்.

மகன் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு பெட்டியோடு தனியாக, மழையில், வீட்டுச் செருப்பு சளக் சளக்கென்று ஒலிக்க நடந்து போனார்.

அட்டை வைத்திருக்காததற்கு ரோகாஸிடம் ஒரு பக்கத்துக்கு வருத்தக் கடிதம் எழுதி வாங்கினார்கள். திருப்புளியைத் திருப்பிக் கொடுத்தார்கள். குடிவரவு அலுவலகத்தில் எண்ணைச் சரிபார்த்தாகிவிட்டது, கேஸ் எதுவும் இல்லை, போகலாம் என்றார் முராசே. தொஷியே அம்மாள் இன்னும் நடைவழி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கையில் டீ ஆறிப்போயிருந்தது. ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

ரோகாஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்து, ஸ்டேஷன் பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போனான். சிக்னல் வரை போனதும் நின்றான். அந்தக் கட்டடத்துக்குள் மறுபடி கால் வைப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. பச்சை விளக்கு இரண்டு முறை எரிந்து அணைந்தது. பிறகு திரும்பி நடந்தான்.

"என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார் முராசே.

"அந்தம்மா வீட்டுக்குப் போகப் பயப்படுறாங்க." நடைவழி பெஞ்சைக் காட்டினான். "அவங்க டீ குடிக்கல."

முராசேயும் அந்தப் பக்கம் பார்த்தார். "தெரியும். அவங்களப் பாத்துக்க டவுன் ஆபீஸ்லேந்து ஒரு பொம்பளைய வரச் சொல்லியிருக்கேன். நீங்க ரயிலப் பிடிங்க."

ஒன்பது நாள் கழித்து, மதிய உணவு நேரத்தில் ரோகாஸின் போன் அடித்தது. அந்த ஊர்க் காவல் நிலையத்து எண். நாலாவது மணியில்தான் எடுத்தான்.

இனாபா பேசினான். ஐயாயிரம் யென்னைத் தபாலில் அனுப்ப விலாசம் வேண்டுமாம். அந்த அம்மாள் நோட்டை அன்றைக்கே கொடுத்துவிட்டுப் போனாராம்.

"எங்க போனாங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு. நாலு ஸ்டேஷன் தள்ளி. இன்னும் திரும்பி வரல."

"மகன்?"

"வீட்லதான். தெனம் சாயந்தரம் தானே மூலைக் கடைக்குப் போய்ச் சாப்பாடு வாங்குறாரு. நான் ரோந்து போறப்போ பாக்குறேன். தல குனிஞ்சு வணக்கம் சொன்னா திருப்பிச் சொல்றாரு."

ரோகாஸ் விலாசத்தைச் சொன்னான். இனாபா எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அம்மா எங்கன்னு அவர் கேட்டாரா?"

"இன்னும் கேக்கல" என்றான் இனாபா.