பட்டியலில் இல்லாத பெயர்

காசு போட்டால் ஓடும் அந்தச் சலவைக் கடையின் வாசலில் கார்லண்டின் பிக்கப் வண்டி நின்றது. வண்டியில் ஆள் இல்லை. எதிர்ச்சாரியில் இருந்த துப்பாக்கிக் கடைக்குள் அவன் முதுகு தெரிந்தது. மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அவன் வேறு எங்கே போவான்? அவனோடு ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவள் வெர்னா. தோட்டா வாங்கப் போனால் அரட்டை முடிந்து வர கால் மணி நேரமாவது ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு தலையணை உறையைக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

லேசி அவனுடைய சட்டைகளை இயந்திரத்தில் திணித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. இன்று சாயங்காலம் தன் சின்ன மகளோடு அவன் வீட்டுக்குக் குடிபோகிறாள். பெட்டிகள் வண்டியில் ஏறிவிட்டன. டென்னசி மலையோரத்துச் சிற்றூரில் யார் பெட்டி யார் வண்டியில் ஏறுகிறது என்பது காலைக் காப்பி ஆறுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

“மிஸ் வெர்னா!” லேசியின் முகம் சுருங்கியது. “நீங்க வருவீங்கன்னு அவர் அப்பவே சொன்னார். வயித்தெரிச்சல்ல ஏதாவது உளறுவாங்க, காதுல வாங்காதேன்னார்.”

“அவன்கூடப் போகாத கண்ணு. அடிப்பான்.”

“நான் ஒண்ணும் கண்ணை மூடிட்டுக் கிணத்துல குதிக்கல. பொண்டாட்டிய அடிச்சு தண்டனை வாங்கினவங்க பேரையெல்லாம் கவர்மென்ட்டே பட்டியலா இன்டர்நெட்ல போடுது, தெரியுமில்ல? நானும் எங்கக்காவும் மூணு தடவை தேடிப் பார்த்தோம். அவர் பேரே இல்ல.”

நல்ல பட்டியல் போட்டார்கள்! பெயர் இருந்தால் எச்சரிக்கை, சரி. இல்லாவிட்டால் அதுவே நற்சான்றிதழ் ஆகிவிடுகிறதே, அதை யார் யோசித்தார்கள்?

“அதுல அவன் பேரு இல்லாததுக்கு நான்தாம்மா காரணம்” என்றாள்.

லேசி நிமிர்ந்தாள்.

“கேஸ் கோர்ட்டுக்கு வந்தது இதே மாதிரி நவம்பர்ல. பொண்டாட்டிய அடிச்சான்னு தீர்ப்பானா அப்புறம் அவன் துப்பாக்கியத் தொடவே கூடாது. அரசு வக்கீலும் வேட்டைக்காரன், ஜட்ஜும் வேட்டைக்காரன். ‘பாவம், சீசன் வருது, பொது இடத்துல சண்டை போட்டான்னு மாத்திக்கலாமா?’ன்னு என்கிட்ட கேட்டாங்க. அவன் ரெண்டு மான் அடிச்சா என் புள்ளைங்களுக்கு மார்ச் வரைக்கும் கறி. நானும் தலையாட்டிட்டேன். பொது இடமாம்! நடந்தது என் அடுப்படியில.”

“இதெல்லாம் நான் எப்படி நம்பறது?”

வெர்னா வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசையிலிருந்து மூன்று பொய்ப்பற்களைச் சேர்த்துக் கழற்றி, இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

“இதுவும் எந்தப் பட்டியல்லயும் கிடையாது.” பல் இல்லாமல் சொற்கள் வழுக்கின.

லேசி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை தன்னையறியாமல் சட்டைக் கையின் மேல்பகுதியைத் தடவியது.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்” என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஐயோ, ஆரம்பித்தே விட்டானா! ஒரு வாரம் முன்னாலேயே வராமல் பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்த தன்மேலேயே வெர்னாவுக்கு ஆத்திரம் வந்தது.

அப்போது வாசல் மணி கிணுகிணுத்தது. கார்லண்ட் தோட்டாப் பெட்டியோடு உள்ளே வந்து, கூடையை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“அடடே வெர்னா! ஒரு தலையணை உறையத் துவைக்க இவ்வளவு தூரமா? உங்க பக்கம் தண்ணியே வரலியா?”

தோட்டாப் பெட்டியை இயந்திரத்தின் மேல் வைத்தான். பற்கள் அங்கே இல்லை. வெர்னா உதட்டை இறுக மூடிக்கொண்டாள், திறந்தால் தெரிந்துவிடும்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? லேசி, என்ன சொன்னா உன்கிட்ட?”

“சோப்புத்தூள் கேட்டாங்க.” குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “ஐயோ கார்லண்ட், உங்க வேட்டைச் சட்டையையும் அந்த வாசனையில்லாத சோப்பையும் வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேனே! மத்த துணிய இந்த சோப்புல போட்டுட்டேன். மெஷின்ல ஒரே மணம். அடுத்த ரவுண்டு வேட்டைச் சட்டைய நம்ம சோப்புல போடணும், போய் எடுத்துட்டு வர்றீங்களா?”

முதல் நாளே சோப்பு மணத்தோடு காட்டுக்குப் போக அவன் சம்மதிப்பானா? ஒரு மைல் தூரத்திலேயே மான் மோப்பம் பிடித்துவிடும். முணுமுணுத்தான். லேசியின் பின்கழுத்தில் கை வைத்தான், எடுக்க நேரமாயிற்று.

“பத்து நிமிஷம். இங்கேயே இரு.”

வண்டி வளைவில் மறையும் வரை இரண்டு பேரும் அசையவில்லை.

“உங்க கார் எங்க?” என்றாள் லேசி.

வெர்னா பின்கதவைக் காட்டினாள். “உன் பெட்டியெல்லாம்...”

“போய்த் தொலையட்டும். பாப்பா எங்கக்கா வீட்டுல இருக்கா. முதல்ல அங்கதான் தேடுவான். சீக்கிரம் ஓட்டுங்க.”

அவனுடைய சட்டைகள் சுழன்றுகொண்டே இருக்க, அவர்கள் கிளம்பினார்கள். அக்கா வீட்டுப் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான், பல்லை எடுக்காமல் வந்தது வெர்னாவுக்கு உறைத்தது.

“என் பல்லு!”

லேசி மூடியிருந்த தன் கையைத் திறந்தாள். இவ்வளவு நேரம் அழுத்தி வைத்திருந்ததில் உள்ளங்கையில் மூன்று பல்லின் தடமும் பதிந்து சிவந்திருந்தது.

“என் கையில அவன் விரல் பதிஞ்சது இன்னும் இருக்கு” என்றாள். “நான் கேஸ் கொடுக்கப் போறேன். நீங்களும் வந்து இதை ஜட்ஜ் முன்னாடி வைப்பீங்களா, மிஸ் வெர்னா?”

வெர்னா பல்லை வாங்கினாள். வாயில் பொருத்திக்கொள்ளாமல் தலையணை உறைக்குள் போட்டு முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வைக்கிறேன்” என்றாள்.