தொப்பிக்காரர் முந்திக்கொண்ட மாலை

வடபால் எல்பூர்சு மலைமுகடுகளில் முதற்பனி பூத்து நிற்க, இலையுதிர்கால இளவெயில் தெகிரான் மாநகரின் மண்மதில்களைத் தழுவி மேற்கே சாய்ந்துகொண்டிருந்த அப்பொழுதில், வழிவழியாக மன்னர் வாய்ச்சொல்லே சட்டமென வாழ்ந்த பாரசீகத்தின் புதிய மக்கள் மன்றம் கூடியிருந்தது. இளவரசரும் மளிகைக்காரரும் காலணிகளை வாயிலில் கழற்றிவிட்டு ஒரே கம்பளத்தில் அமர்ந்திருந்தனர். தொப்பி செய்வோரின் சார்பாளர் சபர் அலி கடைக்கோடியில் ஒடுங்கியிருந்தார்.

அவர் நெஞ்சு நிலைகொள்ளவில்லை. ஆளுநரின் காவலர்க்கு விலையின்றித் தொப்பி தர மறுத்த அவருடைய தொழில்தோழன் நவ்ரூசு சிறையில் கிடந்தான். மறுநாட் காலையில் அவன் உள்ளங்காலில் பிரம்படி. வாயிலில் அவன் மனைவி மாசுமே மறித்துச் சொல்லியிருந்தாள்:

"அண்ணே, இன்னைக்கு நீங்க வாயைத் திறக்கலேன்னா, நாளைக்கு அவரைத் தூக்கிட்டுத்தான் வரணும்."

ஆனால், அன்பரே, பாரசீகரின் பணிவை என்னென்பேன்! எதிலும் பிறரை முன்னே விட்டுப் பின்னே நிற்பதே அவர்க்குப் பெருமை. பேசுமாறு அவைத்தலைவர் அழைத்ததும் தொடங்கிற்று அந்த அழகிய தொல்லை.

"இளவரசர் இருக்கிறப்போ நான் பேசறதா?" என்றார் மறையறிஞர்.

"ஐயோ, நான் உங்க கால்தூசி. வணிகர் பேசட்டும்," என்றார் இளவரசர்.

"பெரியவங்களுக்கு முன்னாடியா? நாக்கு அழுகிடும்!" என்றார் வணிகர்.

இவ்வாறு சொல் வலம்வர, தேநீர் ஆற, கதிரவனும் மலைவாயில் இறங்கினான். மாலைத் தொழுகை அழைப்பு எழுந்தால் அவை கலைந்துவிடும். தம்மினும் மூத்தார்முன் ஒருநாளும் வாய்திறந்தறியாத சபர் அலி, கடைக்கோடியிலிருந்து எழுந்தார்.

"நானே பேசறேன்! மரியாதை தெரியாதவன்னு நெனச்சுக்கோங்க. நாளைக்கு ஒருத்தன் கால் போகப்போகுது!"

அவை திகைத்தது. அவர் தட்டுத் தடுமாறி, வியர்வை வழிய, யாவற்றையும் சொல்லி முடித்தார். மீசையை நீவிக்கொண்டே இளவரசர் வாய்திறந்தார்.

"அந்த ஆளுநர் என் மச்சான்தான். சொல்றேன், கேளுங்க: அவன் சுத்த அடாவடிக்காரன்!"

பிறகென்ன! அடக்கிவைத்த குறையெல்லாம் மடை உடைந்தாற்போல் பாய, எல்லாரும் ஒருங்கே பேசினர். தொழுகை அழைப்பு எழுமுன் விடுதலைக்கான ஆணை அவைத்தலைவர் கையெழுத்தோடு சிறைக்கு விரைந்தது.

கலையும்போது சபர் அலி நாணித் தலைகுனிந்தார்.

"ஐயாவுக்கு முன்னாடி பேசிட்டேன், மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கவே மாட்டேன்," என்று நகைத்தார் இளவரசர். "நாளைக்கு நான் முந்திக்கறேன், பாருங்க!"

வாளால் வந்த உரிமைகள் பல; இதுவோ ஒரு நல்ல மனிதர் நடுங்கிக்கொண்டே தம் பணிவை மறந்தமையால் வந்தது. அவ்விரவு நவ்ரூசு தன் இரு காலாலும் நடந்து வீடு சேர்ந்தான்.